செல்வநாயகம் கேட்ட லீவு

ரக்பி என்றால் என்னவென்று செல்வநாயகத்திடம் கேட்டால், "பந்தைக் கையில தூக்கிட்டு ஓடணும், பின்னால வாறவளுக்குத்தான் போடணும், கீழ விழுந்தா நம்மாளுக ஓடிவந்து காக்கணும்" என்பார். அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாமலே இரண்டு வருஷமாக விருதுநகர் மாவட்டப் பெண்கள் அணிக்கு மேனேஜராக இருந்துவிட்டார். அணிக்கு ஒரு மேனேஜர் கட்டாயம் என்று மாநிலச் சங்கத்தில் சொன்னார்கள். வண்டி ஓட்டுகிற மனுஷன் எப்படியும் கூடவேதானே நிற்கப்போகிறார் என்று சுகிர்தா டீச்சர் அவர் பெயரைக் கொடுத்துவிட்டார்.

மற்ற நாளெல்லாம் அவர் வேன் டிரைவர். விடிகாலையில் எம். புதுப்பட்டி சுற்று வட்டாரத்தில் பெண்களை ஏற்றிப் பட்டாசுக் கம்பெனி கேட்டில் இறக்குவார், சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் வீட்டு முக்கில் விடுவார். யாருக்கு ஜன்னலோரம் இல்லாவிட்டால் குமட்டும், பாட்டுப் போட்டால் யார் தூக்கம் கெட்டு முறைப்பாள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. விளையாட்டு டீச்சரான சுகிர்தாவிடம் பள்ளிக்கூடத்தில் ரக்பி பழகிய பிள்ளைகள் பன்னிரண்டாவது முடித்ததும் பட்டாசு வேலைக்குப் போக ஒவ்வொருத்தியாக அவருடைய வண்டியில்தான் வந்து ஏறினார்கள். டீச்சர் சும்மா இருப்பாரா? ஒருநாள் அவரும் ஏறினார். இறங்கும்போது வண்டிக்குள்ளேயே ஒரு அணி உருவாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வற்றிப்போன கண்மாய்க்குள் பயிற்சி.

பதினைந்து பேர் ஆடும் ரக்பியும் உண்டு. பெரிய ஊர்களின் கிளப்புகள் ஆடுகிற ஆட்டம் அது. நம்ம பக்கத்துக்கு ஏழு பேர் ஆட்டமே பெரும்பாடு. மாவட்ட அணிகள் மோதுவதைப் பார்த்து மாநில அணியைப் பொறுக்குவார்கள். மாநில அணிகள் கூடி மோதினால் அது தேசியப் போட்டி. இந்த ஏணியில் நம்ம பிள்ளைகள் முதல் படியிலேயே வழுக்கி வழுக்கி விழுந்துகொண்டிருந்தார்கள். போன ஆட்டம், வந்த ஆட்டம் எதிலும் ஜெயித்ததில்லை. தோற்றால் திரும்புகிற வழியில் திருமங்கலத்தில் வண்டியை நிறுத்தி எல்லாருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுப்பார் செல்வநாயகம். அந்தக் கடைக்காரருக்கு இவர்களை நன்றாகத் தெரியும்.

இந்த வருஷம் மாநிலப் போட்டி மதுரையில் ஒரு கல்லூரி மைதானத்தில். நாள் வைத்தவர்கள் தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். சிவகாசிப் பக்கம் அந்த மாதத்தில் கல்யாணமே வைக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகூட வேலை நடக்கும். அணியில் இருந்த பன்னிரண்டு பேரும் ஒரே கம்பெனி. லீவு கேட்கும் பொறுப்பு மேனேஜர் தலையில் விழுந்தது.

போர்மேன் கருப்பணன் கேட்டதுமே குதித்தார். "சீசன் நேரத்துல பன்னெண்டு பேரா? என்னய்யா, வெளாடுதீரா?"

"சனிக்கிழமை ஒரு நாளுதான் சார். பிள்ளைக எப்படியும் தோத்துரும். ராத்திரியே கூட்டிட்டு வந்து ஞாயித்துக்கிழமை காலைல கேட்டுல எறக்கிவிட்டுருதேன்."

தோற்பது நிச்சயம் என்று கேட்டதும் கருப்பணன் சமாதானமாகித் தலையை ஆட்டினார்.

சனிக்கிழமை செல்வநாயகம் வாக்குத் தவறவில்லை. மூன்று ஆட்டம், மூன்றிலும் தோல்வி. தோற்ற அணிகள் மூட்டை கட்டுவதுதான் எப்போதும் வழக்கம். அவர் பைகளை ஏற்றி, பிள்ளைகளையும் ஏற்றி, சாவியைத் திருகியபோது சுகிர்தா டீச்சர் ஓடிவந்தார்.

"எங்க கெளம்பிட்டீக? நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு நமக்கு ஆட்டம் இருக்கு!"

"தோத்தாச்சே டீச்சர்?"

"இந்தத் தடவை தோத்தவங்கள அனுப்பல. பதினாறு மாவட்டத்துல மேல வந்த எட்டுக்குப் பெரிய கப்பு. கீழ வந்த எட்டுக்குத் தனியா ஒரு கப்பு. காலைல ஜெயிச்சா மத்தியானம் செமி ஃபைனல், சாயங்காலம் ஃபைனல். தங்குறதுக்கு வகுப்பறை குடுத்திருக்காக."

செல்வநாயகத்துக்கு வாய் நிற்கவில்லை. "ஐயையோ! தோத்துருவாகன்னு சொல்லித்தான டீச்சர் லீவே வாங்கினேன்!"

கேப்டன் பாண்டிலட்சுமி ஜன்னலோரத்தில் இருந்தாள். உதடு வீங்கியிருந்தது.

"அப்படியா சொன்னீக, அண்ணாச்சி?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் சாவியைத் திருகி வண்டியை அணைத்தார். பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக இறங்கி வகுப்பறைப் பக்கம் போனார்கள். ஒருத்தியும் ஏசவில்லை. ஊரே இந்தப் பிள்ளைகள் தோற்கும் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும், கூட நிற்கிற தானும் சொல்லிவிட்டோமே என்று செல்வநாயகத்தின் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

வண்டிக்குப் பின்னால் போய் நின்று கருப்பணனுக்குப் போன் போட்டார். போர்மேன் கெட்டவர் இல்லை, ஆனால் தீபாவளி ஆர்டர் அவர் கழுத்தை நெரித்தது. கத்தித் தீர்த்த பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். "எட்டு மணி ஆட்டந்தான? முடிஞ்சதும் கெளம்புனா மத்தியானத்துக்குள்ள வந்துரலாமே."

சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிரச்சினை தீர்ந்தது.

"தோத்தாத்தான் சார் வர முடியும். ஜெயிச்சா சாயங்காலம் ஃபைனல் வரைக்கும் இருக்கு."

"ஜெயிப்பாளுகளா?"

"ஜெயிப்பாக சார். அதனால நாளைக்கு வர மாட்டோம். முழுநாள் லீவு வேணும்."

"அப்படியா? அப்ப நாளைக்கே வேற வண்டிய விட்டுக்கிடுதேன். இனி அதுவே ஓடட்டும்."

போனைப் பைக்குள் போட்டுவிட்டுத் திரும்பினால், தண்ணிக் கேனை எடுக்க வந்த பாண்டிலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். போர்மேன் சொன்னது அவளுக்குக் கேட்டிருக்காது. இவர் சொன்னது கேட்டிருந்தது. கேனைத் தூக்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை எட்டு மணி ஆட்டத்தில், கடைசி நிமிஷத்தில் பந்தோடு ஓடிய பாண்டிலட்சுமியை மூன்று பேர் சேர்ந்து சாய்த்தார்கள். அவள் விழுந்தும் பந்தை நம்ம பக்கம் ஒதுக்கினாள். இரண்டு பேர் பாய்ந்து வந்து அவளுக்கு மேல் நின்று காத்தார்கள். பின்னால் வந்த ஜெபிஷா பந்தை அள்ளிக்கொண்டு ஓரமாகவே ஓடி, கடைசிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அமுக்கிப் புள்ளி எடுத்தாள். கோட்டுக்கு வெளியே கழுத்தில் மேனேஜர் அட்டை ஆட ஆடக் கூடவே ஓடிய செல்வநாயகம் கால் தடுக்கி விழுந்தார். ஜெயித்தாயிற்று. எழுந்திருக்காமல் உட்கார்ந்த இடத்திலேயே அழுதார்.

மத்தியானம் செமி ஃபைனலில் வாங்கிய அடி பலமான அடிதான், அதை விவரிப்பானேன்? முடிந்ததும் ஜெபிஷா, "இப்பக் கெளம்புனாக்கூட கொஞ்ச நேரமாவது வேலைக்குப் போயிரலாம், அண்ணாச்சி" என்றாள்.

"லீவு ஃபைனலுக்குக் கேட்டது. ஃபைனல் பாக்காம வண்டி நகராது." எல்லாரும் உட்கார்ந்து, யாரோ இரண்டு மாவட்டம் ஆடிய ஃபைனலைத் தொண்டை வற்றக் கத்திப் பார்த்தார்கள். பரோட்டாக் கடைக்காரரிடம் ஒன்று ஜெயித்தோம் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. வீட்டு முக்கில் இறக்கிவிடும்போது, நாளைக்கு வேறு வண்டி வரும் என்று சொல்ல செல்வநாயகத்துக்கு மனசு வரவில்லை.

திங்கட்கிழமை பழக்கதோஷத்தில் விடிகாலையிலேயே விழிப்பு வந்தது. வண்டியைக் கழுவினார். போக இடம் இல்லாததால் இன்னொரு தடவையும் கழுவினார். உள்ளே வந்து உட்கார்ந்தபோது போன் அடித்தது.

"எங்கன இருக்கீக, அண்ணாச்சி?" பாண்டிலட்சுமி. "இங்கன வேற வண்டி வந்து நிக்கி."

"அதுலயே ஏறிக்கிடுங்கம்மா. இனி அதுதான்."

"டிரைவரும் அதத்தான் சொன்னாரு. ஏற மாட்டோம்னுட்டோம். மத்த அக்காமாரும் ஏறல. போர்மேன் போன்ல அம்புட்டுக் கத்து கத்துனாரு. எங்க அண்ணாச்சி வந்துக்கிட்டு இருக்காரு, அஞ்சு நிமிசத்துல வந்துருவாருன்னு சொல்லிட்டேன். சரி, வந்து தொலைங்கன்னுட்டாரு."

"நான் வீட்டுல இருக்கேனேம்மா."

"தெரியும். நாங்க ஜெயிப்போம்னு மட்டும் நீங்க தெரிஞ்சா சொன்னீக? வாங்க, லேட்டாவுது."

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே செல்வநாயகம் வண்டிக்கு ஓடினார்.