கரி பஸ்ஸில் இரண்டு வேகக்காரர்கள்

இன்று காலை அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில்...

வயிறு எரிகிறது நண்பர்களே, எழுதாமல் இருக்க முடியவில்லை!

யுத்தம் நடப்பதால் பெட்ரோல் கிடையாது. பஸ்ஸின் பின்னால் ஓர் அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு ஓட்டுகிறார்கள். (ஓட்டுகிறார்கள் என்பது மரியாதைக்காகச் சொன்னது.)

எனக்குப் பதினொரு மணிக்குத் தாலுகா ஆபீசில் பியூன் வேலைக்கு இண்டர்வியூ. எட்டாவது பாஸ் செய்த சர்ட்டிபிகேட் மஞ்சள் பையில் இருந்தது. அம்மா ஊரார் வீடுகளில் நெல் குத்தித்தான் என்னைப் படிக்க வைத்தாள். ரைஸ்மில் வந்த பிறகு அவளை யாரும் கூப்பிடுவதில்லை. இந்த வேலை கிடைத்தால்தான் வீட்டில் சோறு.

முன் சீட்டில் யார் தெரியுமா? அதே ரைஸ்மில் முதலாளி!

பக்கத்தில் திருச்சியிலிருந்து வந்த தொழிற்சங்கத்துத் தோழர். ஏறியதிலிருந்து இருவருக்கும் சண்டை.

"மிஷினு இன்னும் வேகமா வரட்டும்ங்க. முதல் போட்டவன் கைய சர்க்கார் புடிக்காம இருந்தாலே போதும், நாட்டுல பஞ்சமே இருக்காது!" என்றார் முதலாளி.

"நானும் வேகமா வரட்டும்னுதான் சொல்றேன்! உங்க முதலாளித்துவம் எவ்ளோ வேகமா வளருதோ அவ்ளோ வேகமா வெடிக்கும். அப்புறம் மில்லு தொழிலாளிக்கு. குறுக்க நின்னு தடுக்கிறவன் பிற்போக்குவாதி!" என்றார் தோழர்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

"அம்மாவுக்கு வேலை போயிருச்சுங்க. நான் இப்ப இண்டர்வியூக்குப் போறேன். நீங்க சொல்றதெல்லாம் வர்ற வரைக்கும் நாங்க என்னங்க சாப்புடுறது?"

"கொஞ்ச காலம் பொறுத்துக்கணும்ப்பா."

"கொஞ்ச காலம் பொறுத்துக்கணும் தோழர்."

(இதில் மட்டும் சண்டையே இல்லை!)

பெரம்பலூருக்கு நாலு மைல் இருக்கும்போது ஒரு மேடு. பஸ் இருமியது, நின்றது.

"எல்லாரும் இறங்கித் தள்ளுங்க!" என்றார் கண்டக்டர்.

பையை சீட்டிலேயே வைத்துவிட்டு இறங்கினேன். பத்துப் பதினைந்து பேர் தள்ளினோம். வேகக்காரர்கள் இரண்டு பேரும் இறங்கவில்லை!

"வேட்டி கரியாயிரும்" என்றார் முதலாளி.

"இவருக்கு ஒரு பதில் சொல்லிட்டு வந்துடறேன்" என்றார் தோழர்.

தள்ளினோம். இஞ்சின் பிடித்துக்கொண்டது. எங்களை ஏற்றிக்கொள்ள வேண்டாமா?

"நிறுத்தினா மறுபடி அணைஞ்சிரும்!" என்று கத்திக்கொண்டே டிரைவர் போய்விட்டார். தள்ளினவர்கள் எல்லோரும் ரோட்டில். தள்ளாத இருவரும் பஸ்ஸில். என் பையும் பஸ்ஸில்!

நாலு மைலும் ஓடியே ஆபீசுக்குப் போனேன்.

"மூணு தடவ பேரு கூப்டாச்சு. வேற ஆள எடுத்தாச்சு, போப்பா" என்றார் குமாஸ்தா.

பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால், டீக்கடையில் அதே சண்டை. தோழர் மடியில் என் மஞ்சள் பை.

"பைய பத்திரமா வெச்சிருக்கேன் தோழர்!"

"ஆபீஸ்ல குடுத்திருக்கலாமேங்க? இண்டர்வியூன்னு சொன்னேனே?"

"பேச்சுல மறந்துட்டேன். இந்தக் கோவத்த விட்டுராதீங்க, புரட்சிக்கு வேணும்."

"இன்னும் பத்து மில்லு வந்தா நூறு வேலை வரும்ப்பா" என்றார் முதலாளி, டீயை ஆற்றிக்கொண்டே.

பையைப் பிடுங்கிக்கொண்டேன். அழுகையும் வந்தது, அதை மறைக்கவில்லை.

சாயங்காலம் திரும்புவதற்கும் அதே பஸ், முன் சீட்டில் அதே இருவர். அதே மேடு. உச்சிக்கு ஓர் அடி இருக்கும்போது நின்றது. கண்டக்டர் கத்தினார். காலையில் தள்ளினவர்கள் ஒருவர்கூட அசையவில்லை.

நான் எழுந்தேன். முதலாளி முகத்தைப் பார்த்து நான் பேசியது வாழ்நாளிலேயே இன்றுதான்.

"வேகம் வேணும்னு கேட்டது நீங்க ரெண்டு பேருந்தானே? இறங்கித் தள்ளுங்கய்யா!"

"ஆமா, இறங்குங்க!" என்றது பஸ் முழுவதும்.

வேறு வழியில்லாமல் இறங்கினார்கள். கண்டக்டரோடு சேர்ந்து தள்ளினார்கள். பஸ் உச்சியைத் தாண்டி இறக்கத்தில் உருண்டது, இஞ்சின் பிடித்தது. கண்டக்டர் தாவி ஏறிக்கொண்டார். டிரைவர் நிறுத்தவில்லை.

திரும்பிப் பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு பேரும் ஓடி வருகிறார்கள். இரண்டு வாயிலும் ஒரே வார்த்தை:

"நிறுத்து! நிறுத்து!"

ஜன்னலில் தலையை நீட்டிச் சொன்னேன்: "கொஞ்ச காலம் பொறுத்துக்குங்க!"

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். வயிறு வலிக்கச் சிரித்தாள். அப்புறம் கேட்டாள்:

"அது கெடக்கட்டும்டா. நம்ம எவ்ளோ காலம் பொறுக்கணுமாம்?"

உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அவள் பதிலுக்குக் காத்திருக்கிறாள்.