பதினாறாங்கட்டையில் தேநீர்

சைக்கிளில் மலை ஏறலாம் என்று முதலில் சொன்னவன் நான். அதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அந்தச் சங்கத்தின் குறிப்புப் புத்தகம் எங்காவது செல்லரிக்காமல் கிடந்தால், அதில் தலைவரின் யோசனை என்றுதான் இருக்கும். தலைவர் தம் வாழ்நாளில் சைக்கிள் ஏறியவர் இல்லை. அலுவலகத்துக்கு ரிக்‌ஷாவில் போவார், ரிக்‌ஷாவில் வருவார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் இதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரப்பர் விலை விழுந்து, பிறகு மெல்ல எழுந்துகொண்டிருந்த காலம். நான் ரயில்வே பட்டறையில் பிட்டர். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சீனர் கடைக்கு மேலே வாடகை அறை. எதிர் அறையில் என் வயதுக்காரன் ஒருவன் இருந்தான், ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. அவன் சைக்கிளின் பின்சக்கரக் கோணலை நான் எடுத்துக் கொடுத்ததில் சிநேகம் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் கிள்ளான் வரை மிதிப்போம், மீன்குழம்புச் சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். ஒரு நாள் பத்துமலையில் நிழலில் படுத்திருந்தபோது, தூரத்து மலைத்தொடரைக் காட்டி, "அதுக்கு மேல சடக்கு போகுது தெரியுமா?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியாது. எனக்கு நன்றாகத் தெரியும், நான் அந்தச் சாலையோரம் பிறந்தவன்.

கோலக்குபுவில் தொடங்கி மலை ஏறி, அந்தப் பக்கம் பகாங்குக்குள் இறங்கும் சாலை அது. அதில் பதினாறாவது மைல்கல்லுக்குப் பக்கத்தில் சாலைக் கூலிகளுக்கு ஒரு லயம் இருந்தது. மைலைக் கட்டை என்றுதான் அங்கே சொல்வோம், ஆகவே எங்கள் இடத்துக்குப் பதினாறாங்கட்டை என்று பெயர். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு அறைகள். அதில் ஒன்றில் அப்பா காய்ச்சலில் போனார். அம்மா அப்போதும் அங்கேதான் இருந்தாள். ஓரத்துப் புல்லை வெட்டுவதும், மழையில் சரிந்த மண்ணைக் கூடையில் அள்ளிக் கொட்டுவதும் அவள் வேலை.

என் சிநேகிதன் இந்த மலைப் பேச்சைத் தன் சங்கத்தில் போய்ச் சொன்னான். கிராணிமார்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் சேர்ந்த சங்கம் அது. உடனே பயணக் கமிட்டி ஒன்று முளைத்தது. அரசாங்க அலுவலகத்தில் பெரிய கிராணியாக இருந்தவர் தலைவர். ஒரு வாத்தியார் காரியதரிசி. போகிறவர்கள், தலைவர் நீங்கலாக, என்னோடு சேர்த்து எட்டுப் பேர். நான் சங்கத்து உறுப்பினன் இல்லை, ஆனால் வழி தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் தலைவர் வீட்டு முன்கூடத்தில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது.

பழுப்புக் காகிதத்தில் முழு வழியையும் நான் வரைந்தேன். முதல் நாள் கோலக்குபு. இரண்டாம் நாள் மலை ஏறி, அந்தப் பக்கம் இறங்கி ரவூப். மூன்றாம் நாள் பெந்தோங். நான்காம் நாள் இன்னொரு கணவாய் ஏறி, கோம்பாக் வழியாக மறுபடி கோலாலம்பூர். எந்த வளைவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும், எங்கே மூங்கில் குழாயில் ஊற்றுத் தண்ணீர் விழும், எங்கே மரம் சாய்ந்து வழி அடைக்கும் என்று ஒன்று விடாமல் குறித்தேன். மத்தியானத்துக்கு மேல் மலையில் மழை பிடித்துக்கொள்ளும், ஆகவே விடியும்போதே ஏறத் தொடங்க வேண்டும் என்று சொன்னேன். நீண்ட இறக்கத்தில் பிரேக் ரப்பர் தேய்ந்து தீய்ந்துவிடும், ஒரு மரக்கிளையை வெட்டிக் கயிற்றில் கட்டிச் சைக்கிளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு இறங்கினால் வேகம் அடங்கும் என்றும் சொன்னேன். இதற்கு ஒரு கிராணி முகத்தைச் சுளித்தார். ரவூப் கடைத்தெருவில் விறகு இழுக்கிறவர்கள் மாதிரி போய் நிற்க முடியாதாம்.

மற்ற நேரமெல்லாம் அவர்கள் எதைப் பேசினார்கள் என்று நினைக்கிறீர்கள்? கொடியின் நிறத்தை இரண்டு ஞாயிறு பேசினார்கள். புறப்படுவதற்கு முன் எடுக்கும் படத்தில் யார் உட்காருவது, யார் பின்னால் நிற்பது என்று ஒரு ஞாயிறு. புறப்படும் நேரத்தைப் பஞ்சாங்கம் பார்த்துக் காலை பத்தரை என்று வைத்தார்கள். பத்தரைக்குக் கிளம்பினால் ரவாங் தாண்டுவதற்குள் வெயிலில் சுருண்டுவிடுவீர்கள் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கடைசியில் முந்தின நாளே நல்ல நேரம் பார்த்து ஒரு சைக்கிளை மட்டும் தெருமுனை வரை உருட்டி வைத்துவிடுவது, அதுவே புறப்பட்டதாக ஆகிவிடும், மறுநாள் விடிகாலையில் கிளம்பலாம் என்று முடிவு செய்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு பிரேக் கட்டைகளை மாற்றினேன். எட்டுச் சைக்கிளையும் நான்தான் பிரித்துப் பூட்டினேன். எனக்கு அதில் வருத்தம் இல்லை. சந்தோஷமாகவே செய்தேன்.

ஏன் என்றால் எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. நான் வரைந்த வழிப்படத்தில் பதினாறாங்கட்டைக்கு நேராக, 'தண்ணீர், தேநீர்' என்று எழுதியிருந்தேன். தண்ணீர் மூங்கில் குழாயில். தேநீர் என் அம்மா வீட்டில். அந்த வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஏழு பேரும் எங்கள் லயத்து வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, அம்மா கையால் ஆளுக்கு ஒரு டம்ளர் தேநீர் வாங்கிக் குடிக்க வேண்டும். அவள் மகன் யாரோடு பழகுகிறான் என்று அவள் கண்ணால் பார்க்க வேண்டும். இதற்காகத்தான் நான் அத்தனை மைல்கல்லையும் மனப்பாடமாக ஒப்பித்தேன். லாரிக்காரர் ஒருவரிடம் அம்மாவுக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டேன். எட்டுப் பேர் வருகிறோம், தேத்தண்ணி போட்டு வை என்று.

அடுத்த ஞாயிறு தலைவர் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கனிவாகக் கேட்டார்.

"தம்பி, பதினாறாங்கட்டையில உங்க சொந்தக்காரங்களா?"

"எங்க அம்மாதாங்க."

"அப்படியா. அப்பா எந்த ஊரு?"

"நான் இங்கேயே பொறந்தவன். அவர் தஞ்சாவூர்ப் பக்கம்னு சொல்வாரு."

"தஞ்சாவூர்ல எங்க?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"ஊருக்குள்ளேயா, கொஞ்சம் தள்ளியா?"

இந்தக் கேள்வி எதற்குக் கேட்கப்படுகிறது என்று தெரியாத தமிழன் உலகத்தில் இல்லை. நேரடியாக என்ன சாதி என்று கேட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கசந்திருக்காது. அவர் நாகரிகமானவர், கேட்கமாட்டார். ஊரைக் கேட்பார், தெருவைக் கேட்பார், குலதெய்வம் எது என்பார், நாமே அவிழ்த்துக் காட்டும்வரை காத்திருப்பார். சாலைக்கூலி லயங்களில் எந்த லயத்தில் யாரை வைத்திருக்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியாதது அல்ல. "தள்ளிதாங்க" என்றேன். பிறகு காரியதரிசி கொடித்துணி விஷயத்தை எடுத்தார்.

புறப்படுவதற்கு முந்திய ஞாயிறு காரியதரிசி பயணத் திட்டத்தைப் படித்துக் காட்டினார். அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார். இரண்டாம் நாளில், 'பதினாறாம் மைல், மூங்கில் குழாய், தண்ணீர் நிரப்புதல், ஐந்து நிமிடம்' என்று வாசித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

"தேத்தண்ணி?" என்று கேட்டேன்.

"நேரம் பத்தாது தம்பி. நீதானே மழை வந்துரும்னு சொன்னே" என்றார்.

கணவாய் உச்சியில் சீனர் கடையில் கோப்பிக்கு அரைமணி நேரம் போட்டிருந்தார்கள். அதைச் சுட்டிக் காட்டினேன். அது முன்பே முடிவானது என்றார். நான் சிநேகிதனைப் பார்த்தேன். அவன் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது நான் எழுந்து நின்றேன். "நம்ம தெருமுனைக் கடையில எட்டுப் பேரும் ஒரே பெஞ்சிலதானே குடிக்கிறோம். நான் குடிச்சு வெச்ச கிளாஸைக் கழுவி அடுத்தது உங்களுக்குத்தானே குடுக்கிறாரு. அங்க ஒட்டாதது எங்க அம்மா வீட்டுல எப்படி ஒட்டும்?" என்று கேட்டேன்.

தலைவர் கோபப்படவில்லை. "கடை வேற, வீடு வேற தம்பி. யாரும் உன்னை ஒண்ணும் சொல்லலையே. நீ இல்லாம பயணமா? பிரேக்கை யார் பார்ப்பா?" என்றார். மற்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். உண்மையாகவே அவர்களுக்கு நான் வேண்டும். என் கை வேண்டும், என் கால் வேண்டும், என் தலைக்குள் இருந்த நாற்பது வளைவுகளும் வேண்டும். அம்மாவின் டம்ளர் மட்டும் வேண்டாம்.

நான் வரவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். படத்தை மேசையிலேயே விட்டுவிட்டு வந்தேன். எடுத்துக் கிழித்திருக்க வேண்டும். தெருவில் பாதி தூரம் வந்த பிறகுதான் அது தோன்றியது. திரும்பிப் போய் எடுக்க மானம் இடம் கொடுக்கவில்லை. அந்த மானத்தை இன்றைக்கும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

பட்டறையில் எனக்கு லீவு ஏற்கெனவே கிடைத்திருந்தது. அவர்கள் கிளம்பிய அன்றே நான் ரயிலில் கோலக்குபு போய், அங்கிருந்து லாரி பிடித்துப் பதினாறாங்கட்டையில் இறங்கினேன். யாரும் வரமாட்டார்கள் என்று அம்மாவிடம் நேரில் சொல்லிவிடுவதுதான் என் எண்ணம். ஆனால் வாசல் மண் சாணி போட்டு மெழுகிப் பளிச்சென்றிருந்தது. அக்கம்பக்கத்து அறைகளில் கேட்டு எட்டுக் கண்ணாடி டம்ளர் சேர்த்து வைத்திருந்தாள், ஒன்றுபோல் ஒன்று இல்லை. பால் டின் புதியது, உடைக்காமல் இருந்தது. "நீ மட்டும் முன்னால வந்துட்டியா?" என்றாள். ஆமாம் என்றேன்.

மறுநாள் காலை வெயில் ஏறிய நேரத்தில் வந்தார்கள். ஏழு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, முகம் சிவந்து, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு வளைவில் தெரிந்தார்கள். எங்கள் வாசலுக்கு இருபதடி மேலே இருந்த மூங்கில் குழாயடியில் நின்றார்கள். நான் குறித்துக் கொடுத்த குழாய் அது. தலையை நனைத்துக்கொண்டார்கள், போத்தலை நிரப்பினார்கள், வயிறு முட்டக் குடித்தார்கள். அம்மா தகரத் தட்டில் டம்ளர்களை வைத்து ஏந்திக்கொண்டு வாசலில் நின்றாள். ஆவி பறந்தது. லயத்துக்காரர்கள் எல்லாரும் வெளியே வந்து பார்த்தார்கள். குழாயடியில் ஒருவரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை.

கடைசியில் என் சிநேகிதன் மட்டும் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு இறங்கி வந்தான். என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துச் சிரித்தான்.

"இப்பத்தாம்மா வயிறு நெறையத் தண்ணி குடிச்சேன். திரும்பி வர்றப்ப குடிக்கிறேன்."

"சரிங்கய்யா. பத்திரமா போயிட்டு வாங்க" என்றாள் அம்மா. அவனுக்கு இருபத்திரண்டு வயது. அவனைப் போய் ஐயா என்றாள்.

அவர்கள் வளைவு தாண்டி மறைந்ததும் அவள் உள்ளே போய்ப் பால் டின்னைத் தட்டால் மூடி, எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் வைத்தாள். நான் பின்னாலேயே போனேன். அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"அவங்க திரும்பி வரமாட்டாங்கம்மா. இது சுத்துப் பாதை. பெந்தோங் பக்கமா எறங்கிப் போயிருவாங்க."

"தெரியும்டா. இருவது வருசமா இந்தச் சடக்குல மண்ணு அள்ளுறேன். எது எங்க போகுதுன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா சரின்னு சொன்னே?"

"வேண்டாம்னு மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லலையே அந்தப் புள்ள. எறங்கி வந்து சொல்லிட்டுப் போச்சு. அதுவே பெருசு."

நான் அவளிடம் கத்தினேன். வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் அம்மாவிடம் கத்தியிருக்கிறேன். அவர்களிடம் கத்தியிருக்க வேண்டியதையெல்லாம் அவளிடம் கத்தினேன். அவள் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கூடையை எடுத்துக்கொண்டு, அவர்கள் போன திசையிலேயே ஏறிப் போனாள். நான் வாசலில் உட்கார்ந்து எட்டு டம்ளர் தேநீரையும் ஒவ்வொன்றாகக் குடித்து முடித்தேன்.