மேல் பக்கம் படாத ஈயம்

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். படிப்பு நாலாம் வகுப்போடு சரி. சிலது மறந்தும் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சின்னக்கானல் பக்கம் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்துக்கு மேலே ஏலக்காடு. அங்கிருந்துதான் ஆனை இறங்கும். என் மகன் பேக்டரியிலிருந்து திரும்புவதும் அதே ஒற்றையடிப் பாதையில்தான். மஞ்சு, அதாவது பனிமூட்டம், மூடினால் போனில் சிக்னலும் இருக்காது. அதனால் ஐடிஐ படித்த மருமகள், பாதைக்குக் குறுக்கே மெல்லிய கம்பி கட்டி, ஆனை அதை அறுத்தால் சைரன் கூவும்படி ஒரு போர்டு செய்தாள்.

இரண்டு பக்கமும் செம்பு ஒட்டிய அட்டை. வேண்டாத செம்பை மருந்துத் தண்ணீரில் அரித்து, கையாலேயே துளை போட்டாள். கடை போர்டில் இரண்டு பக்கத்தையும் சேர்க்கத் துளைக்குள்ளும் செம்பு இருக்குமாம். வீட்டில் செய்ததில் கிடையாது. ஆகவே துளையில் செருகும் சாமான்களின் ஒவ்வொரு கம்பிக் காலுக்கும் கீழேயும் மேலேயும் ஈயத்தை உருக்கி வைக்கவேண்டும். கீழே அவள், மேலே நான்.

"அத்தே, சாம்பார் ஊத்துற மாதிரி ஊத்தாதீக."

"நீ வச்சது மட்டும் என்னவாம்? ஈ உக்காந்த மாதிரி இருக்கு."

சைரனுக்குக் கரண்ட் விடும் ரிலே என்கிற கறுப்புப் பெட்டியை மட்டும் அட்டையோடு அழுத்தி உட்காரவைத்துவிட்டாள். அதன் அடியில் ஈயம் உருக்கும் என் அயர்ன் முனை நுழையவில்லை. சோதித்தோம், கூவியது. அப்படியே மாட்டிவிட்டோம்.

மஞ்சு விலகாத ஒரு நாள். மத்தியானம் பார்த்தால் கம்பி அறுந்து கிடக்கிறது. கம்பிக்கு இந்தப் பக்கம், எங்கள் அடுப்படிச் சுவரோரம், ஆனை போட்ட சாணிப் பிண்டத்தில் ஆவி பறக்கிறது. சைரன் மூச்சே விடவில்லை.

மருமகள் போர்டைக் கழற்றினாள். ரிலேயின் ஒரு கால் மேல் செம்பைத் தொட்டும் தொடாமலும் நின்றது.

"குளுருக்கு வெலகிருக்கு அத்தே," என்றாள்.

கம்பியை மறுபடி கட்டி வந்து, ரிலேயைத் தீக்குச்சி கனத்துக்கு உயர்த்திப் பிடித்தாள். அந்த இடுக்கில் நான் ஈயம் விட்டேன். முடிக்கும்போது மகன் வரும் நேரமாகிவிட்டது. மாட்டி, சோதிக்கிற பொத்தானை அழுத்தினோம். கூவியது. நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம்.

மறுபடியும் கூவியது. பொத்தானில் அவள் கையும் இல்லை, என் கையும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு நின்றோம். வெளியே வேலி முறிந்தது.

மகன் பாதி வழியில் சத்தம் கேட்டு, பேக்டரிக்கே திரும்பியிருக்கிறான். விடிந்துதான் வந்தான்.

மருமகள் போர்டுக்கு வரைந்த அதே படத்தைப் பார்த்துச் செய்த போர்டுகள் பக்கத்து லயங்களிலும் தொங்குகின்றன. மேலேயும் ஈயம் வைக்கக் கழற்றித் தரச் சொன்னால், "கூவுற சைரன யாராச்சும் கழட்டுவாகளா?" என்று சிரிக்கிறார்கள். எனக்கு எதிர்த்துப் பேச வராது. கால், மேல், கீழ் என்று நான் எழுதியது சரிதானா என்று தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். முடிந்தால் நேரில் வந்து, அந்தக் கறுப்புப் பெட்டிகளின் அடியையும் பாருங்கள்.