எட்டாவது வாரத்துச் சம்பல்

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் வல்லாரைச் சம்பல் செய்தேன். தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி... எல்லாம் அளவு. என் பேத்தி தர்ஷினி இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள்.

"சம்பல் சூப்பர் அம்மாயி. வல்லாரை எங்க வாங்குனீங்க?"

"வாங்கவா? ஒன்னோட கயிறு கட்டுன எடத்துலதான் அம்புட்டுக் கெடந்துச்சே!"

அவள் கையில் இருந்த சோறு வாய்க்கும் போகவில்லை, தட்டுக்கும் திரும்பவில்லை. அப்படியே நின்றது. அடுத்த நொடி கை கழுவாமல் பின்பக்கம் ஓடினாள்.

ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. என்ன தப்பு என்றுதான் தெரியவில்லை.

வாராவாரம் வருகிற இந்தப் பத்தியை நான் வாயால் சொல்ல, தர்ஷினிதான் போனில் தட்டி அனுப்புகிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வாரமும் அவள்தான் தட்டுகிறாள். முகத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு.

அவள் பல்கலைக்கழகத்தில் முதல் வருஷம். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளிலிருந்து சயன்ஸ் படிக்கப் போன முதல் பிள்ளை. சூழலியல் என்று ஒரு பாடம். யார் யாரைச் சாப்பிடுகிறார்கள், யாரை நம்பி யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று எண்ணி எண்ணி எழுதுகிற படிப்பாம். நாங்கள் இதையெல்லாம் தண்ணீர் பிடிக்கிற பீலியடியிலேயே பேசி முடித்துவிடுவோம். பரீட்சை மட்டும் வைப்பதில்லை.

ஆனால் அவளுக்கு அது சிரிப்பில்லை. லெக்சர் முழுக்க இங்கிலீஷ். பாடம் எடுக்கிற மேடம் திரையில் அடுத்த படத்துக்குப் போகும்போது, இவள் முதல் படத்தின் தலைப்புக்கு அர்த்தம் தேடிக்கொண்டிருப்பாளாம். லாப் அதைவிட மோசம். பள்ளிக்கூடத்தில் மைக்ராஸ்கோப்பை அலுமாரிக் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி... இங்கே மண்ணைப் புனலில் கொட்டி, மேலே பல்பைப் போட்டு, சூடு தாங்காமல் கீழே விழுகிற பூச்சிகளை மைக்ராஸ்கோப்பில் எண்ணச் சொன்னார்களாம். இவள் மண் துகளையும் சேர்த்து எண்ணிவிட்டாள். மார்க் பாதியாகப் போனது.

ஃபீல்ட் ட்ரிப்பில்தான் கொஞ்சம் மூச்சு வந்தது. மற்றப் பிள்ளைகள் அட்டைக்குப் பயந்து காலுறைக்கு மேல் காலுறை மாட்ட, இவள் காலில் சவர்க்காரத்தைத் தடவிக்கொண்டு முன்னால் நடந்தாளாம். அன்றைக்குத்தான் மேடம் இவள் பேரைக் கேட்டார்.

அதற்குப் பிறகு வந்தது லீவு வேலை. ஒவ்வொருவரும் தங்கள் ஊரில் ஒரு மீட்டர் சதுரம் நிலத்தைக் கயிறு கட்டி, அதில் என்ன முளைக்கிறது என்று எட்டு வாரம் எண்ண வேண்டும். இந்த ரிப்போர்ட்டில் நல்ல மார்க் வந்தால் பாஸ். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் அதே பாடம், மறுபடி.

லயத்துக்குப் பின்னால், தேயிலை ஓரத்தில் அவள் நான்கு முளை அடித்தாள். பக்கத்துக் காம்பரா வீட்டுப் பாக்கியம் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அக்கா, கவர்மெண்டுல வீடு கட்ட ஏழு பேர்ச் காணி தாறோம், ஏழு பேர்ச் தாறோம்னாங்களே... கடைசியில இம்புட்டுத்தானா?"

"ஒனக்கு இதுவும் இல்லடி. இது எம் பேத்தியோடது."

இப்படிச் சிரித்துச் சிரித்தே ஏழு வாரம் போனது. எட்டாவது வாரம், சனிக்கிழமை, பஸ் நிறையப் பிள்ளைகளோடு மேடமே வந்து பார்ப்பதாகச் செய்தி வந்தது.

பெரிய இடத்து ஆள் வருகிறார் என்றால் தோட்டத்தில் என்ன செய்வோம்? நாற்பது வருஷம் கொழுந்து எடுத்தவள் நான். பெரிய துரையின் ஜீப் வருகிறது என்றால் இரண்டு நாளைக்கு முன்பே கங்காணி கத்த ஆரம்பித்துவிடுவார். தண்ணீர் ஓடுகிற கானில் ஒரு சருகு கிடக்கக் கூடாது. மலையில் ஒரு புல் நிற்கக் கூடாது. புல் நின்றால் அது எங்கள் மானம்.

வெள்ளிக்கிழமை காலை, தர்ஷினி ஏழு வார ரிப்போர்ட்டைப் போட்டோகொப்பி அடிக்கக் கொட்டகலை டவுனுக்குப் போன நேரம், நான் புல் செதுக்குகிற சுரண்டியை எடுத்தேன். கயிற்றுக்கு வெளியே ஒன்றையும் தொடவில்லை. மேடம் பார்க்கப்போவது உள்ளேதானே? அதனால் உள்ளே மட்டும், வேர் வரைக்கும், ஒன்று விடாமல். பிறகு விளக்குமாற்றால் கோடு விழக் கூட்டினேன். பாக்கியம் எட்டிப் பார்த்து, "தொரை பங்களா வாசல் மாதிரி இருக்குக்கா" என்றாள்.

எனக்கு அவ்வளவு பெருமை.

சோற்றுக் கையோடு ஓடிய தர்ஷினி இப்போது அந்த வாசலில் குந்தியிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் சமாளித்திருப்பேன்.

"எல்லாத்தையுமா புடுங்குனீங்க?"

"எல்லாத்தையும்தான்" என்றேன். குரலில் கொஞ்சம் பெருமை மிச்சம் இருந்தது.

"நாளைக்கு மேடம் முன்னால எண்ணணும் அம்மாயி. எதை எண்ணுறது?"

வல்லாரை போனால் போகட்டும், மற்றதெல்லாம் கான் ஓரத்தில்தானே குவியலாகக் கிடக்கிறது? அள்ளி வந்தேன். தண்ணீர் தெளித்தேன். பாக்கியமும் வந்தாள். கிழவிகள் இரண்டு பேரும் குந்தி, ஒரு மணி நேரம் புல் நட்டோம். நீங்கள் யாராவது புல் நட்டிருக்கிறீர்களா?

தர்ஷினி வந்து பார்த்தாள்.

"அம்மாயி... காட்டுப் புல்லு எங்கயாச்சும் நெரெ புடிச்சு நிக்குமா?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். நேர் வரிசை. செடிக்குச் செடி ஒரு சாண். நர்சரியில் தேயிலைக் கன்று வைத்துப் பழகிய கை, தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்திருக்கிறது.

அவள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள். "பொய்யி அம்மாயி. பார்த்த ஒடனே தெரிஞ்சிரும்."

"அப்ப மாடு மேஞ்சிருச்சுன்னு சொல்லு."

"மாடு கயித்துக்குள்ள மட்டும் மேயுமா? கோடு போட்டுக் கூட்டுமா?"

படித்த பிள்ளை.

சனிக்கிழமை பஸ் கீழ் ரோட்டில் நின்றது. பிள்ளைகள் ஏறி வந்தார்கள். மேடம் யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த ஆள், தோளில் துணிப்பை. நான் சமைக்கிற குசினி வாசலில் நின்றேன். மாடு, மழை, கணக்கப்பிள்ளை என்று மூன்று பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

மேடம் சதுரத்தைப் பார்த்தார். வெறும் செம்மண். ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தாள்.

"இதை ஆர் பிடுங்கினது, பிள்ளை?"

நான் வாய் திறக்கும் முன்பே தர்ஷினி சொல்லிவிட்டாள். "எங்க அம்மாயி, மேடம். நீங்க வர்றீங்கன்னு சுத்தம் பண்ணிட்டாங்க. வல்லாரைய... நாங்க சாப்புட்டுட்டோம்."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். தர்ஷினியின் காது சிவந்துபோனது. ஏழு வாரம் மழையிலும் பனியிலும் குந்தி எண்ணிய பிள்ளை. அந்தச் சிரிப்பு என் நெஞ்சில்தான் விழுந்தது.

"சிரிக்காதேங்கோ" என்றார் மேடம். "எல்லாரும் கொப்பியை எடுத்து எழுதுங்கோ." பிறகு என் பக்கம் திரும்பினார். "அம்மா, எத்தினை மணிக்குப் பிடுங்கினீங்கள்? கையாலயோ, ஆயுதத்தாலயோ? வேரோடயோ?"

காலையில் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் துரை முன் நிற்கிற மாதிரி நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சுரண்டி, விளக்குமாறு, நெரை பிடித்து நட்டது... ஒன்றையும் மறைக்கவில்லை. தயாராக இருந்த மூன்று பொய்யும் வீணாகப் போனது.

மேடம் தர்ஷினியைப் பார்த்தார். "எட்டாம் கிழமை எண்ணிக்கை இல்லாததுக்கு மார்க் குறையும். அதில நான் ஒண்டும் செய்யேலாது."

"சரி மேடம்."

"ஆனா இண்டையில இருந்து புதுசா எண்ணும். வெறும் மண்ணில ஆர் முதல் வருகினம், ஆர் பின்னால வருகினம் எண்டு. ஒரு மாசம். இதையும் சேர்த்துத் தந்தால் ரிப்போர்ட்டை ஏற்பன். இதுவும் குழம்பினா ஏற்கமாட்டன். ஒருத்தரும் கை வைக்கக் கூடாது."

ஒருத்தரும் என்று சொல்லும்போது அவர் யாரைப் பார்த்தார் என்று நினைக்கிறீர்கள்?

அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. பாக்கியத்தின் கோழி அந்தப் பக்கம் திரும்பினால் எனக்குப் படபடக்கிறது. பலத்த மழை பெய்தால் மண் கரைந்துவிடுமோ என்று பயம். பாக்கியம் பாத்திரம் கழுவிய தண்ணீரை வீசுவாளோ என்று பயம். எல்லாவற்றையும் விட என் கையை நினைத்தால்தான் பயம். புல்லைக் கண்டால் அது என்னைக் கேட்டுக்கொண்டா நீளும்?

ரிப்போர்ட்டில் என்னைப் பற்றியும் எழுதியிருக்கிறாள். வாசித்துக் காட்டினாள். "எட்டாம் வாரம்: மனிதத் தலையீடு. எண்ணிக்கை: ஒன்று." பாக்கியம் தன்னை ஏன் சேர்க்கவில்லை என்று கோபத்தில் இருக்கிறாள்.

இன்று காலை பார்க்கிறேன், செம்மண்ணின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி. ஒரு ரூபாய்க் காசு அளவுகூட இல்லை. வல்லாரைதான்! நான் வேரோடு எடுத்தேன் என்று மேடத்திடம் அடித்துச் சொன்னேனே... எங்கேயோ ஒரு துண்டைக் கோட்டை விட்டிருக்கிறேன். நாற்பது வருஷத்தில் நான் அரைகுறையாகச் செய்த வேலைக்காக முதல் தடவையாகச் சந்தோஷப்பட்டேன்.

தர்ஷினி ஓடி வந்தாள். குந்தினாள். நோட்டை எடுத்து எழுதினாள். ஒரு வாரத்துக்குப் பிறகு, ஒரு நொடி மட்டும், என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"பாத்துட்டீங்கள்ல? பாத்தது போதும். உள்ள போங்க அம்மாயி."

பிறகு ஒரு பலகையில் 'பிடுங்காதீர்கள்' என்று எழுதி நட்டாள். நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன் என்பதால் பெரிய பெரிய எழுத்து.

அந்தப் பலகை பாதையைப் பார்த்து நிற்கவில்லை. எங்கள் குசினிக் கதவைப் பார்த்து நிற்கிறது.