மகளுக்கு நான் வைத்த பரீட்சை

எனக்குப் பேத்தி பிறந்து ஐந்து மாதம். அவள் கொட்டாவி விட்டால்கூடத் தெருவையே கூப்பிட்டுக் காட்டுகிற ஆள் நான். ஆனால் இங்கே எழுதுவது அவளைப் பெற்ற என் மகளைப் பற்றி.

சட்டை தைக்கும் கம்பெனியில் அவள் கட்டிங் மாஸ்டர். ஆர்டரைக் கேட்டதுமே எத்தனை மீட்டர் துணி வேண்டும் என்று மனக்கணக்காகச் சொல்லிவிடுவாள். அங்கே அவளுக்குப் பெயரே ‘கால்குலேட்டர்’தான்.

பிரசவத்துக்குப் பிறகு அவள் சிரிப்பு காணாமல் போனது. மனச்சோர்வு என்று சொல்லி டாக்டரம்மா வைத்தியம் பார்த்தார். இதற்கிடையில், ஒன்றாம் தேதி வராவிட்டால் கட்டிங் மேஜையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று முதலாளியம்மா சொல்லியனுப்பினார். மகளுக்குப் பயம். எனக்கு அதைவிடப் பயம்.

மூளை துருப்பிடித்துவிடக் கூடாதே என்று, தினமும் காலையில் அவள் எழுந்ததும் கணக்குக் கேட்டேன். நாற்பது சட்டை, ஒன்றுக்கு இரண்டேகால் மீட்டர், மொத்தம் எவ்வளவு? தொண்ணூறு என்பாள். ஒருநாள்கூடத் தப்பு வரவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். விடை சொன்ன கையோடு அவள் போய்ப் படுத்துவிடுவாள். அதைக் கவனித்தது என் மனைவிதான். டாக்டரம்மாவிடம் என்னைப் போட்டும் கொடுத்துவிட்டாள்.

டாக்டரம்மா மகளுக்கு ஒரு சோதனை வைத்தார். திரையில் எண்கள் ஒவ்வொன்றாக வரும். இரண்டு எண்ணுக்கு முன்னால் வந்ததே மறுபடி வந்தால் பட்டனை அழுத்த வேண்டும். மகள் அநேகமாக எல்லாம் சரி. நான் மீசையை முறுக்கினேன். எவ்வளவு கஷ்டமாக இருந்தது, பத்துக்கு எத்தனை என்று டாக்டரம்மா கேட்டார். ஒன்பது என்றாள் மகள். நெற்றியெல்லாம் வியர்வை. டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

“மார்க்கை மட்டும் பாக்காதீங்கய்யா. மனச்சோர்வு இருக்கிற சிலருக்கு, அதே விடையைச் சொல்றதுக்கே மூளை அதிகமா உழைக்க வேண்டியிருக்கும். அந்தத் தெம்பை நீங்க காலங்காத்தாலயே கறந்துடுறீங்க.”

முறுக்கிய மீசையை நானே கீழே இறக்கிவிட்டேன். என் மனைவி அந்தக் காட்சியை ஆற அமர ரசித்தாள்.

ஒன்றாம் தேதி மகளே முதலாளியம்மாவிடம் பேசினாள். பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நான் கம்பெனி வாசலில் நின்றேன்.

“அக்கா, வேலைக்கு வரேன். இப்போதைக்கு அரை நாள்தான். கணக்கைப் பேப்பர்லதான் போடுவேன்.”

முதலாளியம்மா ஒரு பேப்பரையும் பென்சிலையும் எடுத்து அவளிடம் நீட்டினார்.

“மனசுல போட்டாலும் பேப்பர்ல போட்டாலும் துணி ஒண்ணுதானே. போய்க் கத்தரியை எடு.”

மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்கு வந்தவள் படுக்கைப் பக்கம் போகவில்லை. பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, “அப்பா, பசிக்குது” என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. நான் சமையலறைக்கு ஓடிய ஓட்டத்தில் கதவில் முட்டிக்கொண்டேன்.