சிவப்புக்கு அனுமதியில்லை

தாம்பரத்தில் ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் கருத்தரிப்பு மையம் ஒன்று. சில வருடங்கள் அங்கே ரிசப்ஷன் என் பொறுப்பில் இருந்தது. குழந்தை வேண்டி வருகிறவர்கள் முதலில் பார்ப்பது என் முகத்தைத்தான். ஃபைல் எடுப்பேன், டோக்கன் கொடுப்பேன், உட்காரச் சொல்வேன். ஸ்கேன் முடிந்து அழுதுகொண்டே வெளியே வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்பேன். இந்த வேலைக்குச் சுவரின் நிறம் ஒருநாளும் உதவியாகவோ இடைஞ்சலாகவோ இருந்ததில்லை.

மையத்தை நடத்தியவர் ஒரு டாக்டர் அம்மா. கோபக்காரர், ஆனால் கெட்டிக்காரர். செங்கல்பட்டிலிருந்தெல்லாம் ஜனங்கள் அவரைத் தேடி வருவார்கள். அவருடைய மருமகன் ஐடி வேலையை விட்டுவிட்டு நிர்வாகம் பார்க்க வந்த பிறகுதான் எங்களிடம் 'பிராண்ட்' என்று ஒன்று இல்லை என்ற குறையே தெரியவந்தது. அதுவரை எங்களிடம் இருந்தது வெறும் நோயாளிகள்.

பிராண்டை வரவழைக்க மருமகன் ஒரு கன்சல்டன்ட்டை அழைத்து வந்தார். கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்ட பேன்ட், காலுறை போடாத ஷூ. பேசும்போது காற்றில் இல்லாத ஒரு பந்தைத் தாங்கிப் பிடிப்பது போலக் கைகளை வைத்துக்கொள்வார். எங்கள் எல்லாரையும் மாடி ஹாலில் உட்கார வைத்துத் திரையில் படம் காட்டினார். நீலம் என்றால் நம்பிக்கையாம். பச்சை என்றால் வளர்ச்சி. மஞ்சள் சந்தோஷம். ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டு, நாங்கள் மூர்ச்சையாக அவகாசம் தருவது போல நிறுத்துவார். எல்.கே.ஜி. வகுப்புச் சுவரில் தொங்கும் அட்டைதான். அங்கே குழந்தைகளுக்கு நிறத்தின் பெயரை மட்டும் சொல்லிக்கொடுத்து விட்டுவிடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

"எல்லாரும் கண்ண மூடிக்கங்க. நான் ரெட்னு சொன்ன உடனே மைண்ட்ல என்ன வருதோ அத சொல்லுங்க" என்றார்.

"குங்குமம்" என்றாள் நர்ஸ்.

"தக்காளி சார்" என்றார் லேப்காரர்.

"கேஸ் சிலிண்டரு" என்றார் தரை துடைக்கும் அக்கா. அன்று காலைதான் அவர் வீட்டில் தீர்ந்திருந்தது.

கன்சல்டன்ட் தலையை ஆட்டிக்கொண்டே போர்டில் எழுதினார்: டேஞ்சர்.

"சார், யாரும் டேஞ்சர்னு சொல்லலியே?" என்று கேட்டேன்.

"அது சப்கான்ஷியஸ் மேடம். வாயில வராது. ஆனா உள்ள இருக்கும்."

கேட்ட கேள்விக்கு வந்த பதிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, கொண்டுவந்த பதிலையே எழுதிக்கொள்ளும் இந்தப் படிப்பை எங்கே சொல்லித் தருகிறார்கள் என்று தெரியவில்லை. படிப்பு என்றுதான் அவர் சொல்லிக்கொண்டார்.

கடைசியில் எங்களுக்கு வாய்த்தது பீச், அதாவது பீச் பழத்தின் நிறம். வெந்த இறாலை இரண்டு நாள் வெளியே வைத்தால் வருமே, அந்த நிறம். "வயித்துக்குள்ள பேபி கண்ண தொறந்தா இந்த ஷேடுதான் தெரியும். மதர்ஸுக்கு உடனே ஒரு கனெக்ட் வரும்" என்றார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தது யார் என்று கேட்கத் தோன்றியது. எத்தனையோ பிரசவம் பார்த்த டாக்டர் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார். நோயாளியிடம் காட்டும் கண்டிப்பில் கால்வாசியைக்கூட அவர் மருமகனிடம் காட்டி நான் பார்த்ததில்லை.

சுவர் பீச் ஆனது. எங்கள் கோட்டு, ஃபைல் அட்டை, வாசல் போர்டு எல்லாம் பீச். சிவப்பு அடியோடு விலக்கப்பட்டது. ரிசப்ஷனில் இருந்த பிள்ளையார் படத்துக்கு நான் வீட்டிலிருந்து பறித்து வரும் செம்பருத்திக்குப் பதில் நந்தியாவட்டை வைக்கச் சொன்னார்கள். நர்ஸுகளுக்குத் தோல் நிறத்தில் ஸ்டிக்கர் பொட்டு. பொட்டு இருப்பதே தெரியாத பொட்டு எதற்கு என்று ஒருத்தியும் கேட்கவில்லை. வரப்போகும் தம்பதிகளுக்கு நான் அனுப்ப வேண்டிய குறுஞ்செய்தியில் ஒரு வரி சேர்ந்தது: 'அமைதியான நிறங்களில் உடையணிந்து வரவும்.' கல்யாணமாகிப் பத்து வருடம் குழந்தையில்லாமல், சொந்தக்காரர்களின் வாய்க்குப் பயந்து சீமந்தத்துக்குக்கூடப் போகாமல் இருப்பவர்களிடம் அமைதியை உடுத்திக்கொண்டு வரச் சொன்னோம்.

அப்போது கூடுவாஞ்சேரியிலிருந்து ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். கணவருக்கு மறைமலை நகரில் கார் உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஒருமுறை சிகிச்சை செய்து பலிக்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் என் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அவள் வரும்போதெல்லாம் "பாப்பா பரீச்சை நல்லா எழுதிச்சா க்கா?" என்று என் மகளைப் பற்றி விசாரிப்பாள்.

தை மாதத்தையொட்டி மேல்மருவத்தூருக்கு மாலை போட்டவர்கள் ஜிஎஸ்டி ரோடு முழுக்கச் சிவப்புப் புடவையில் போய்க்கொண்டிருப்பார்கள். அவளும் மாலை போட்டிருந்தாள். சிவப்புப் புடவை, சிவப்பு ஜாக்கெட், நெற்றி நிறையக் குங்குமத்தோடு கணவருடன் வந்து, டோக்கன் வாங்கி உட்கார்ந்தாள். அன்றைக்கென்று பார்த்து ரிசப்ஷனில் விளம்பர வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பீச் சுவரின் முன்னால் வாடகைக்கு வந்த ஒரு கர்ப்பிணி, புன்னகையோடு வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். வயிறு தலையணை.

மருமகன் என்னிடம் வந்து குனிந்தார். "அந்த லேடிய பில்லிங் ரூம்ல போய் உக்கார சொல்லுங்க. ரெட்டு ஃப்ரேம்ல அடிக்குது."

"நான் சொல்ல மாட்டேன் சார். வேணும்னா நீங்க சொல்லுங்க" என்றேன்.

அவரே போனார். பின்னால் கன்சல்டன்ட்டும். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஷூட்டிங் போய்க்கிட்டிருக்கு. கொஞ்ச நேரம் அந்த ரூம்ல இருங்களேன்."

"ஏன் சார், நான் இன்னா பண்ணேன்?"

"ஒண்ணுமில்ல. அந்தக் கலர்..."

"மத்த பேஷண்ட்ஸுக்கு ஒரு நெகட்டிவ் ஃபீல் வரும்ல" என்று கன்சல்டன்ட் எடுத்துக்கொடுத்தார்.

அவள் எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை. ஆனால் ஹாலில் எல்லாருக்கும் கேட்டது.

"செவப்ப பாத்தா பயமா கீதா சார் உங்களுக்கு? மாசா மாசம் பாத்ரூம்ல நான் அதத்தான் பாக்குறேன். பாத்துட்டு மூஞ்ச கழுவிகினு வந்து சோறு வடிக்கிறேன். இது என் ஆத்தாவுக்காகக் கட்டிகினு கீறேன். இத எடுத்துகினு போயி ரூம்ல ஒளிய சொல்றியா?"

காத்திருந்த பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தலையணைக்காரிகூட வயிற்றைத் தடவுவதை நிறுத்திவிட்டாள்.

கன்சல்டன்ட்டின் முகம் மலர்ந்தது. ஆமாம், மலர்ந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். "எக்ஸாக்ட்லி!" என்றார் மருமகனிடம். "மாசா மாசம்... பாத்தீங்களா ப்ரோ? இதான் அசோசியேஷன். செம இன்சைட்!" செல்போனை எடுத்து அவள் சொன்னதை அவசர அவசரமாக டைப் செய்ய ஆரம்பித்தார். எதிரில் நின்றவள் கண்ணில் நீர் கோத்திருந்தது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நிறத்தைப் பார்த்து மனதைப் படிப்பவருக்கு முகத்தைப் பார்க்க நேரமில்லை.

சத்தம் கேட்டு டாக்டர் அம்மா வெளியே வந்தார். "என்ன இங்க? நீ உள்ள வாம்மா, ஸ்கேனுக்கு நேரமாச்சு."

"இல்ல மேடம். என் ஃபைல குடுத்துருங்க."

கணவர் என்னைப் பார்த்தார். பீச் அட்டையிலிருந்து காகிதங்களை மட்டும் உருவி, மேஜையில் கிடந்த பழுப்புக் கவரில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். அவர்கள் படியிறங்கியதும் வீடியோக்காரர் விளக்கைச் சரிசெய்தார். தலையணைக்காரி மறுபடி புன்னகைத்தாள்.

சாயங்காலம் டாக்டர் அம்மாவிடம் கேட்டேன். "மேடம், நீங்க உங்க மருமகனை ஒரு வார்த்த கண்டிச்சிருக்கலாமே?"

"புரியுதும்மா. ஆனா பெயிண்ட் அடிச்சாச்சே" என்றார்.

இத்தனை வருடம் நான் மதித்த ஒரு மனுஷி சொன்ன பதில் அது.

சில வாரம் கழித்து மாடி ஹாலில் மறுபடி கூட்டம். திரையில், பீச் பின்னணியில், மேற்கோள் குறிகளுக்குள் அவளுடைய வார்த்தைகள்: 'மாசா மாசம் நான் அதத்தான் பாக்குறேன்.' கீழே, 'ஒரு தாயின் ஏக்கம்.' நான் எழுந்தேன்.

"அவங்க சொன்னதுல பாதிதான் சார் போட்டிருக்கீங்க. ஒளிய சொல்றியான்னு கேட்டாங்களே, அதையும் போடுங்க."

"மெசேஜ் லெங்த்தியா போயிடும் மேடம்" என்றார், சிரித்த முகம் மாறாமல்.

அந்த மாதத்தோடு வேலையை விட்டேன். என்னால் மையம் படுத்துவிடவில்லை. ஜனங்கள் வந்துகொண்டேதான் இருந்தார்கள், டாக்டர் அம்மாவின் கைராசிக்காக. எல்லாம் பீச் செய்த மாயம் என்று கன்சல்டன்ட் அடுத்தடுத்த ஆஸ்பத்திரிகளில் சொல்லிக்கொண்டிருப்பதாக நர்ஸ் சொன்னாள். இரண்டு மழைக்கு அப்புறம் அந்தப் பக்கம் போனேன். வெளிச்சுவர், புண்ணில் கட்டிப் பிரித்துப் போட்ட துணி மாதிரி இருந்தது.

இப்போது மேடவாக்கத்தில் ஒரு பல் டாக்டரிடம் இருக்கிறேன். போன வருடம் வண்டலூர் பஸ் ஸ்டாப்பில் அந்தப் பெண்ணையும் கணவரையும் பார்த்தேன். அவள்தான் முதலில் கையை ஆட்டினாள்.

"வேற எங்கயாச்சும் பாக்குறீங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"இப்போதிக்கு எங்கயும் இல்ல க்கா. கொஞ்ச நாளு மூச்சு வுட்டுக்கலாம்னு கீறோம்" என்றாள். பிறகு, "நீ எங்க க்கா இப்ப?" பல் ஆஸ்பத்திரி என்றதும் கணவரின் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "இவருக்குக் கடவாப்பல்லு ஒரே பேஜாரு. டாக்டரு நல்லவரா?"

"ரொம்பப் பேச மாட்டாரு" என்றேன். எனக்குத் தெரிந்த உயர்ந்த சிபாரிசு அதுதான்.

சனிக்கிழமை வந்தார்கள். அவரை உள்ளே அனுப்பிவிட்டு என் மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தண்ணி லாரி வராததைப் பற்றியும், பக்கத்து வீட்டுக்காரி குடத்தை நகர்த்தி வைத்துவிட்ட சண்டையைப் பற்றியும் பேசினோம். ஊசி போட்டிருப்பார்கள் போல. உள்ளேயிருந்து அவருடைய அலறல் கேட்டது.

"ஸ்கேன் ரூம்ல நான் ஒரு தபா கத்திருப்பனா க்கா? இந்த ஆளப் பாரு" என்று சொல்லிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை.