பூந்தமல்லிக் கத்தரித் தோட்டத்தில் ஒரு வெள்ளை நூல்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறையில் நான் பூந்தமல்லிக்குப் போனது ஊர் சுற்ற அல்ல. பள்ளித் தோழி ஸ்டெல்லாவின் கத்தரிச் செடிகள் காரணமே தெரியாமல் வாடின. நான் தாவரவியல் டீச்சர் என்பதால் ஆள் விட்டுக் கூப்பிட்டாள்.

கொரட்டூரில் காலை ஏழரை ரயில், ஆவடியில் இறங்கிப் பூந்தமல்லி பஸ். பத்து கிலோமீட்டர் போலத்தான். கூட்டத்தில் டிரைவர் மடியில் உட்காராததுதான் பாக்கி.

"காலீல நல்லாதான்டி கீது. உச்சி வெயில்ல தொங்கிடுது. எவ்ளோ தண்ணி உட்டாலும் பத்தல" என்றாள் ஸ்டெல்லா. இலையில் புள்ளியில்லை, பூச்சியில்லை. தாகம் என்று நினைத்து, பொதுக் கிணற்று மோட்டாரில் தன் தண்ணீர் முறை வரும்போதெல்லாம் மடையைத் திறந்துவிட்டிருக்கிறாள். யாராயிருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

வாடிய தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நுனி படும்படி பிடித்தேன். சில நிமிடத்தில் வெட்டிலிருந்து வெள்ளை நூல் ஒன்று இறங்கியது. அத்தனையும் பாக்டீரியா.

எனக்கு அதன்மேல் வந்தது மரியாதைதான். பாக்டீரியாவின் வாலை வைத்துத்தான் செடி ஆளை அடையாளம் காணும். இதன் வால் அமைப்பே வேறு, செடிக்குப் பிடிபடாது. அப்படியே சந்தேகம் வந்தாலும், செல்லுக்குள் ஊசி போடுவதுபோல் சில புரதங்களைச் செலுத்தி எச்சரிக்கையை அமுக்கிவிடும். பிறகு தண்ணீர்க் குழாய்களில் குடியேறிக் கோந்தால் அடைத்துவிடும். என்ன கெட்டிக்காரத்தனம்! (இந்த விவரமெல்லாம் பின்னால் படித்தது.)

"இந்தப் பக்கம் பாதி தப்பிச்சிடும்ல? அத்த வச்சிதான் பொண்ண காலேஜ்ல சேக்கணும்" என்று வாடாத செடிகளைக் காட்டினாள் ஸ்டெல்லா.

பளபளவென்று நின்ற செடி ஒன்றை வெட்டினேன். அதிலும் நூல் இறங்கியது. ஸ்டெல்லா வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகையே வந்தது.

நீங்களும் இப்படிப் போனால் கண்ணாடி டம்ளர் கொண்டுபோங்கள். கத்தியையும் செருப்பையும் கழுவாமல் அடுத்த கொல்லையில் கால் வைக்காதீர்கள். நோய் வந்த மண்ணில் தக்காளி, மிளகாய்கூட உடனே நடக்கூடாது. தண்ணீரோடும் இது பரவும் என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

கேட்டதும் எழுந்து போய் வாய்க்காலை மண்ணால் அடைத்தாள். அவள் கொல்லை வழியாகத்தான் பக்கத்துக் கன்னியப்பனின் கத்தரிக்கும் தண்ணீர் போகும். கொஞ்ச நேரத்தில் அவர் வந்துவிட்டார்.

"இன்னாம்மா, மோட்டார் ஓடுது, தண்ணியக் காணோம்?"

"என் கொல்ல தண்ணி உனுக்கு வாணாம் அண்ணாத்தே. என் செடி மொத்தமும் பூட்ச்சி. ஓரமா வேற வாய்க்கா வெட்டிக்க."

அவர் மண்வெட்டி எடுத்துவர வீட்டுக்குத் திரும்பினார். அதற்குள் ஸ்டெல்லா தன் மண்வெட்டியால் அவருக்கான வாய்க்காலை வெட்ட ஆரம்பித்திருந்தாள்.